ஆறாம் வகுப்போடு நின்றவர் சார்த்திய ஏணி

ஆண்டுதோறும் சூலைத் திங்கள் 15-ஆம் நாள் தமிழ்நாட்டுப் பள்ளிகள்தோறும் கல்வி வளர்ச்சி நாள் கொண்டாடப்பெறுகின்றது. பெருந்தலைவர் காமராசர் பிறந்த நாளை அவ்வாறு கொண்டாடுமாறு 2006-ஆம் ஆண்டில் அரசே முடிவு செய்தது. தகடூர் மாவட்டத்துக் கம்பைநல்லூரிலும், அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் அன்று காலை படத்திற்கு மாலையிடுவர்; பிள்ளைகளைப் பேசச் செய்வர்; இனிப்பு வழங்குவர். மேடையேறும் பெரியவர்கள் அனைவரும் ஒரே கதையைச் சொல்வர். தந்தையை இழந்த சிறுவன், பள்ளியை விட்ட சிறுவன், துணிக்கடையில் நின்ற சிறுவன், பின்னொரு நாள் நாடாண்டான் என்பதே அக் கதை. கேட்கும் பிள்ளைகள் கைதட்டுவர். கதை அத்துடன் முடிந்துவிடும்.

கதை பொய்யன்று. ஆனால் முழுமையுமன்று. ஓர் ஏழைச் சிறுவன் உயர்ந்தான் என்று சொல்பவர்கள் அவன் எந்த மொழியைப் பற்றிக்கொண்டு உயர்ந்தான் என்பதைச் சொல்வதில்லை. உயர்ந்தபின் மற்ற ஏழைச் சிறுவர்க்கு எந்த மொழியில் ஏணி சார்த்தினான் என்பதையும், அவ் ஏணி எந்தப் படியோடு நின்றுபோயிற்று என்பதையும் எவரும் சொல்வதில்லை. இம் மூன்றையும் விட்டுவிட்டால் எஞ்சுவது 'ஊழ் இருந்தால் எவரும் உயரலாம்' என்னும் வெற்றுரையே. அவ் வெற்றுரை கம்பைநல்லூர்ப் பிள்ளைக்கு ஒரு பயனும் தராது.

கம்பைநல்லூரை இங்குக் குறித்தது வெறும் எடுத்துக்காட்டிற்காக அன்று. நல்லூர் என முடியும் தூய தமிழ்ப்பெயரை இன்னும் சிதையாமல் வைத்திருக்கும் ஊர் அது. அதனை உள்ளடக்கிய மாவட்டத்திற்கோ அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட தகடூர் என்னும் பெயரை மறைத்துத் தருமபுரி என்னும் வடமொழிப் பெயர் வழங்குகின்றது. ஔவையார் நடந்த மண் அது. ஆநிரை மீட்டு மாண்ட எளிய மறவர்க்கெல்லாம் கல் நட்டு, அக் கல்லில் வட்டெழுத்தில் தமிழ் பொறித்த மண் அது. ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகட்கு முற்பட்ட நடுகற்கள் இன்றும் அங்கு வயல் வரப்புகளிலும் காட்டோரங்களிலும் நிற்கின்றன. அரசர்க்கும் கோயிற்கும் மட்டுமின்றி மாடு மேய்த்தவனுக்கும் எழுத்துண்டு என்று காட்டிய அதே மண்ணில், 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிந்தோர் 68.5 விழுக்காட்டினரே. மாநிலம் முழுமைக்கும் அது 80 விழுக்காடு. தமிழ்நாட்டு மாவட்டங்கள் அனைத்திலும் கடைசி வரிசை தகடூர்க்கே கிடைத்தது. வானம் பார்த்த புன்செய். மழை பொய்த்தால் பெங்களூர்க்கும் திருப்பூர்க்கும் கூலி தேடிப் புறப்படும் குடும்பங்கள். பெற்றோர் ஓரிடத்தும் பிள்ளை பாட்டியோடு ஓரிடத்துமாக வளரும் வீடுகள். துன்பமுற்ற இளமை என்பது அங்கு வரலாற்று நூலில் படிக்கும் செய்தியன்று. ஆகவேதான் காமராசரின் கதை அங்குச் சரியாகச் சொல்லப்பட வேண்டும்.

அவர் 1903-ஆம் ஆண்டு சூலை 15-ஆம் நாள் விருதுபட்டியில், இன்றைய விருதுநகரில், குமாரசாமிக்கும் சிவகாமி அம்மையார்க்கும் மகனாகப் பிறந்தார். ஆறு அகவையளவில் தந்தை மறைந்தார். அடுத்துப் பாட்டனாரும் மறைந்தார். கைம்பெண்ணாகிய தாய் தம் நகைகளை விற்று, அப் பணத்தை வணிகர் ஒருவரிடம் இட்டு, அதன் வட்டியைக் கொண்டு மகனையும் மகளையும் வளர்த்தார். அந் நாளைய விருதுபட்டி வணிகர் ஊர். ஆனால் அவ் வணிகக் குடியினர் கோயிலுக்குள் நுழைய உரிமை மறுக்கப்பட்டவர்கள். அடுத்திருந்த ஊர்களில் அவர்கள் பட்ட இழிவுகள் பல. அரசு தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டித் தருமென்று அவர்கள் காத்திருக்கவில்லை. வீடுதோறும் உலையிடும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து, அதைத் திரட்டி விற்றுப் பள்ளி நடத்தினர். அப் பள்ளிக்குச் சத்திரிய வித்தியாசாலை என்று பெயர் வைத்தனர். பெயர்தான் வடமொழி, பிடியரிசி தமிழ்ப் பெண்டிருடையது! அவ் அரிசியில் நடந்த பள்ளியில்தான் சிறுவன் காமராசு தமிழெழுத்துப் பயின்றான்.

ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. பன்னிரண்டு அகவை நிரம்புமுன்பே தாய்மாமன் கருப்பையாவின் துணிக்கடையில் வேலைக்கு நின்றான். பள்ளி நின்றபோதும் படிப்பு நிற்கவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. கடைத்தெருவில் தமிழ்ச் செய்தித்தாள் படித்தான். பொதுக்கூட்டங்களுக்குச் சென்று நின்று கேட்டான். பஞ்சாபின் சாலியன்வாலாப் படுகொலைச் செய்தி வந்தபோது அவனுக்கு அகவை பதினைந்து. உறவினர் அவனை ஊர்ப் பொதுவாழ்விலிருந்து பிரிக்க எண்ணித் திருவனந்தபுரத்தில் மற்றொரு மாமனின் மரக்கடைக்கு அனுப்பினர். அங்கும் பொதுவாழ்வு அவனை விடவில்லை. 1924-இல் வைக்கத்தில் தாழ்த்தப்பட்டோர் தெருவில் நடக்கும் உரிமைக்காக நடந்த அறப்போரில் இளைஞராகிய காமராசரும் கலந்துகொண்டார். பெரியார் சிறைப்பட்ட போராட்டம் அது.

இந்த இளைஞர்க்கு ஆங்கிலம் தெரியாது. அந் நாளில் பேராயக் கட்சியின் மேல்தட்டில் இருந்தவர்கள் வழக்கறிஞர்கள், சென்னை மயிலாப்பூர்க்காரர்கள், ஆங்கிலத்தில் தீர்மானம் எழுதி ஆங்கிலத்தில் பேசி, வீட்டில் வேதம் ஓதியவர்கள். அவர்கள் நடுவே விருதுபட்டிக் கடைப்பையன் ஒருவர் எவ்வாறு மேலேறினார்? கட்சி தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்குள் இறங்க வேண்டிய காலம் வந்தது. 1930-இல் வேதாரணியத்தில் உப்பு அறப்போர். அதற்குப் பின் மறியல்கள், கதர் விற்பனை, கூட்டங்கள். அவற்றிற்கெல்லாம் வேண்டியது ஊர்தோறும் பத்துப் பேரைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்த ஒருவர். குடியானவனும் கடைக்காரனும் பேசும் தமிழில் பேசத் தெரிந்த ஒருவர். அவ் வேலையை ஆங்கிலம் செய்யாது. 1936-இல் சத்தியமூர்த்தி மாகாணக் கட்சித் தலைவராகவும் காமராசர் செயலராகவும் இருந்தனர். 1940-இல் காமராசர் தலைவரானார், சத்தியமூர்த்தி செயலரானார். இராசகோபாலாச்சாரியார் சார்பில் நின்றவரை மிகக் குறைந்த வாக்கு வேறுபாட்டில் வென்று பெற்ற தலைமை அது. ஆறாம் வகுப்புப் படித்தவர்க்குக் கீழே பட்டம் பெற்ற வழக்கறிஞர் செயலராக இருந்தார். தமிழ் இருந்தது, அதுவே போதியதாயிற்று.

அவர் ஆங்கிலத்தை வெறுத்தவரும் அல்லர். உப்பு அறப்போரில் பிடிபட்டு அலிப்பூர்ச் சிறை. பின்னர் வேலூர்ச் சிறை. 1942 முதல் 1945 வரை அமராவதிச் சிறை. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 3,000 நாட்கள் சிறையில் கழிந்தன. அந் நாட்களில்தாம் ஆங்கில நூல்களையும் தாள்களையும் படித்து அறியுமளவு அம் மொழியைத் தாமே கற்றார். இதனை ஊன்றிக் காண்க. ஆங்கிலம் அவர்க்கு ஒரு கருவியாக, வேண்டிய காலத்தில், வளர்ந்தபின் வந்து சேர்ந்தது. அறிவின் வாயிலாக அது முதலில் நின்று, 'நுழைவுச் சீட்டு எங்கே?' என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் விருதுபட்டிக் கடைவாயிலிலேயே அவர் நின்றிருப்பார்.

1941-இல் ஒரு நிகழ்ச்சி. அவர் வேலூர்ச் சிறையிலிருந்தபோதே விருதுநகர் நகராட்சிக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். விடுதலையானதும் நேரே நகராட்சிக்குச் சென்று அப் பொறுப்பைத் துறந்தார். முழுமையாக உழைக்க இயலாத பொறுப்பைத் தாங்கியிருத்தல் தகாது என்பது அவர் கருத்து. நகராட்சி உறுப்பினர் இருக்கைக்கே நிலம் விற்றுச் செலவிட்டு, வென்றபின் அதைப் பன்மடங்காக ஈட்டும் இந் நாளில், மேடைப் பேச்சாளர் இந் நிகழ்ச்சியை விரைந்து கடந்துவிடுவதில் வியப்பில்லை.

1954 ஏப்பிரல் 13-இல் காமராசர் முதலமைச்சரானார். அவர் வருவதற்கு வழிவகுத்ததே ஒரு கல்விப் போராட்டந்தான். 1953-இல் இராசகோபாலாச்சாரியார் கொண்டுவந்த திட்டத்தின்படி சிற்றூர்ப் பள்ளிப் பிள்ளைகள் நாளில் மூன்று மணி நேரமே வகுப்பில் இருப்பர்; மற்றைப் போதில் தந்தையின் தொழிலைப் பழகுவர். வண்ணான் மகன் வெளுக்கவும், குயவன் மகன் வனையவும், அருச்சகர் மகன் மட்டும் ஓதவும் செய்த ஏற்பாடு அது. குலக்கல்வி என்று தமிழர் அதற்குப் பெயரிட்டு எதிர்த்தனர். பெரியாரின் இயக்கமும் தி.மு.க.வும் தெருவில் எதிர்த்தன. பேராயக் கட்சிக்குள்ளும் எதிர்ப்பு எழுந்தது. ஆச்சாரியார் விலகினார். காமராசர் அரசு அத் திட்டத்தைக் கைவிட்டது. குடியாத்தம் இடைத்தேர்தலில் காமராசர் நின்றபோது பெரியார் அவரை ஆதரித்தார். தாழ்த்தப்பட்ட குடியிற் பிறந்த பரமேசுவரன் அமைச்சரவையில் கோயில் அறநிலையத் துறையைப் பெற்றார். கோயில் வாயிலில் தடுக்கப்பட்டவர்கள் கையில் கோயில் ஆட்சியை ஒப்படைத்த அச் செயல், நூறு மேடைப் பேச்சுக்கு மேலானது.

ஒன்பதரை ஆண்டு ஆட்சியில் அவர் செய்தவற்றுள் தலையாயது தொடக்கப்பள்ளி. பள்ளியில்லாத சிற்றூர் இருத்தலாகாது என்னும் ஒரே நோக்கோடு, மக்கள் தொகை குறைந்த ஊர்களுக்கும் ஓராசிரியர் பள்ளியேனும் வந்தது. அவர் பொறுப்பேற்றபோது இருந்த தொடக்கப்பள்ளிகளின் எண்ணிக்கை அவர் விலகும்போது ஏறத்தாழ இருமடங்காயிற்று. பள்ளி வந்தும் பிள்ளை வரவில்லை. பசித்த வயிறு ஆடு மேய்க்கப் போயிற்று. 1956 முதல் நண்பகலுணவு வந்தது. அரசின் பணம் போதாதபோது ஊரார் அரிசியும் காய்கறியும் தந்தனர். விருதுபட்டிப் பிடியரிசிதான் நாடளாவிய திட்டமாக விரிந்தது எனின் பொருந்தும். நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்து, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் வாயிலாக ஊர்மக்களிடமிருந்தே கட்டடமும் கரும்பலகையும் பெற்றார். சீருடை வந்தது. உயர்நிலைப் பள்ளிக் கட்டணம் படிப்படியாக நீங்கியது. அன்று சேலம் மாவட்டத்தின் ஒரு மூலையாயிருந்த தகடூர்ப் பகுதிக்கும் அப் பள்ளிகள் வந்தன. தென்பெண்ணையின் குறுக்கே கிருட்டிணகிரி அணையும் அவர் காலத்தில்தான் எழுந்தது.

அப் பள்ளிகளில் என்ன மொழியில் கற்பித்தனர்? தமிழில். இதைச் சொல்ல வேண்டிய தேவையே அந் நாளில் இல்லை. மூச்சு விடுவதைப் போல இயல்பாக அது நடந்தது. ஆடு மேய்த்த பிள்ளை தன் தாய் பேசும் சொல்லைப் பலகையில் கண்டான். அவன் கற்ற முதற்பாடம் அவனுக்கு அயலாயிருக்கவில்லை. ஒரு தலைமுறைக்குள் ஆசிரியர்களும் எழுத்தர்களும் வருவாய்த்துறை அலுவலர்களும் பொறியாளர்களும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து புறப்பட்டு வந்ததன் கரணியம் கட்டடமும் உணவும் மட்டுமல்ல. கட்டடம், உணவு, தாய்மொழி ஆகிய மூன்றும் சேர்ந்தே அதைச் செய்தன. இற்றை மேடைகள் முன்னிரண்டைப் பாடி மூன்றாவதை விழுங்கிவிடுகின்றன.

இனி, ஏணி எங்கு நின்றது என்பதைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் விடுவது அவர்க்கும் பெருமையாகாது.

1956-ஆம் ஆண்டின் இறுதியில் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் அவர் அரசால் நிறைவேற்றப்பட்டது. 1960-இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்டப்படிப்பு தொடங்கப்பெற்றது. இவை நல்ல தொடக்கங்கள். ஆனால் தொடக்கங்களாகவே நின்றன. பள்ளிகளைத் திறக்கக் காட்டிய முனைப்பில் காற்பங்கை மேற்படிகளுக்குக் காட்டியிருப்பின், மருத்துவமும் பொறியியலும் சட்டமும் அன்றே தமிழுக்கு வந்திருக்கும். அமைச்சரகக் கோப்பு ஆங்கிலத்தில் நகர்ந்தது. முறைமன்றம் ஆங்கிலத்தில் தீர்த்தது. பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் தேர்ந்தது. கீழே பத்துப் படிகள் தமிழில் ஏறிய பிள்ளை, பதினோராம் படியில் வேற்றுமொழிச் சுவரை முட்டி நின்றான். ஏறியவர்கள் அச் சுவரைக் குறை சொல்லவில்லை. தாங்கள் ஏறிய தமிழ்ப் படிகளையே குறை சொன்னார்கள். தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தார்கள். தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்கள் தமிழ்வழிக் கல்வியைக் கைவிட்ட வரலாறு இதுவே.

அதே 1956-இல், அதே விருதுநகரில், சங்கரலிங்கனார் என்னும் முதியவர் சூலை 27-இல் உண்ணாநோன்பு தொடங்கினார். சென்னை மாகாணத்திற்குத் தமிழ்நாடு எனப் பெயரிட வேண்டும் என்பது உள்ளிட்ட பன்னிரு வேண்டுகைகளை முன்வைத்தார். எழுபத்தைந்து நாட்களுக்கு மேல் உண்ணாதிருந்து அக்டோபர் 13-இல் உயிர்நீத்தார். அவர் வேற்றுக் கட்சிக்காரர் அல்லர். காந்தியார் வழி நின்ற விடுதலைப் போராட்ட வீரர். முதலமைச்சரின் சொந்த ஊர்க்காரர். ஒரே ஊர் ஈன்ற இருவருள் ஒருவர் நாட்டை ஆண்டார். மற்றவர் அந் நாட்டின் பெயருக்காகப் பசித்துச் செத்தார். பிள்ளைகளின் பசியறிந்து உணவிட்டவர் அம் முதியவரின் பசிக்கு விடை தரவில்லை. அவ் ஆண்டிலேயே தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தபோதும் அவர் உரத்துக் குரல் எழுப்பவில்லை. 1961-இல் தமிழில் எழுதும்போது மட்டும் தமிழ்நாடு என எழுதலாம் என்று அரசு இசைந்தது. முழுப் பெயர் மாற்றத் தீர்மானம் 1967 சூலை 18-இல் அண்ணாவின் ஆட்சியில் வந்து, 1969 சனவரி 14-இல் நடைமுறையாயிற்று.

அவர் ஏன் அவ்வாறு நின்றார்? தமிழ்ப்பற்று இல்லாமையாலன்று. அவருடைய கட்சி தில்லியில் இருந்தது. கண் அதன் மேலிருந்தது. தமிழன் வாழ வேண்டியது இந்திய ஒருமைக்குள் என்று அவர் நம்பினார். அந் நம்பிக்கைக்குத் தில்லி என்ன விலை தந்தது என்பதையும் வரலாறு காட்டிவிட்டது. 1963 அக்டோபர் 2-இல் தாமே முன்மொழிந்த திட்டத்தின்படி முதலமைச்சர் பொறுப்பைத் துறந்து கட்சிப் பணிக்குச் சென்றார். அகில இந்தியக் கட்சித் தலைவரானார். நேருவின் மறைவுக்குப் பின் 1964-இல் லால் பகதூர் சாத்திரியையும், சாத்திரியின் மறைவுக்குப் பின் 1966-இல் இந்திரா காந்தியையும் தலைமையமைச்சராக்கியவர் அவரே. அவரையே அப் பொறுப்பை ஏற்குமாறு சிலர் வேண்டியபோது, தமக்கு இந்தியும் நன்கு வராது, ஆங்கிலமும் நன்கு வராது எனச் சொல்லி மறுத்தார் என்பர். சொன்னது பணிவாயிருக்கலாம். ஆயினும் அதனுள் இருக்கும் உண்மை சுடுகின்றது. தமிழ்நாட்டை ஒன்பதரை ஆண்டு ஆளத் தமிழ் போதியதாயிருந்தது. இந்தியாவை ஆளத் தமிழ் போதாது. இரண்டு தலைமையமைச்சர்களைத் தேர்ந்தவர், தம் தாய்மொழி கரணியமாகவே தாம் அவ் இருக்கைக்கு ஆகாதவர் என்று கருத வேண்டியிருந்தது. இந்திய ஒன்றியத்தில் தமிழின் இடம் யாதெனக் கேட்பார்க்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

1965-இல் மொழிப்போர் மூண்டது. அப்போது தமிழ்நாட்டை ஆண்டவர் பக்தவத்சலம். மாணவர்கள் சுடப்பட்டனர்; இளைஞர்கள் தீக்குளித்தனர். கட்சித் தலைவராகிய காமராசர், இந்தியை விரைந்து புகுத்துதல் கூடாதென்று தென்னாட்டுத் தலைவர் பிறரோடு சேர்ந்து தில்லிக்கு உணர்த்தினார் என்பது உண்மை. ஆனால் தெருவில் வீழ்ந்த பிள்ளைகள் பக்கம் வந்து நிற்கவில்லை. அவ் ஆண்டில் இந்தி எதிர்ப்பு எழுத்துக்காகத் 'தென்மொழி' ஆசிரியர் பெருஞ்சித்திரனார் சிறைப்பட்ட இடமும் வேலூர்ச் சிறையே. கால் நூற்றாண்டுக்கு முன் வெள்ளையன் ஆட்சியில் காமராசரை வைத்துப் பூட்டிய அதே சிறை! 1967-இல் விருதுநகர்த் தொகுதியிலேயே, மொழிப்போரில் நின்ற மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் அவர் தோற்றார். அவர் திறந்த பள்ளிகளில் தமிழ் கற்று வளர்ந்த தலைமுறைதான் அத் தமிழுக்காக எழுந்து அவர் கட்சியை வீழ்த்தியது. தாம் வளர்த்த பிள்ளைகளிடம் தோற்பதில் ஒரு பெருமையும் உண்டு.

தனித்தமிழ் அன்பர்கள் அந் நாட்களில் அவரைத் தில்லியின் ஆள் என்று கடிந்து எழுதியதுண்டு. அதில் ஒரு பகுதி சரியே; மேற்சொன்னவை அதற்குச் சான்று. ஆனால் ஒன்றை மனந்திறந்து ஒப்புக்கொள்ள வேண்டும். தனித்தமிழ் இதழ்களைப் படித்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? சிற்றூர்த் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள். அஞ்சலகத்தில் எழுத்தராயிருந்த இளைஞர்கள். நெசவாளர் வீட்டு மாணவர்கள். அவர்களுள் பெரும்பாலோர் அவர் திறந்த பள்ளிகளிலும் அவர் இட்ட உணவிலும் எழுத்தறிந்தவர்கள். மறைமலையடிகள் 1916-இல் விதைத்த கொள்கைக்கு ஊர்தோறும் படிப்பவரை உண்டாக்கித் தந்தது, அக் கொள்கையைச் சொல்லாமலேயே செயல்பட்ட ஓர் ஆட்சி. அவர்க்குக் 'கருமவீரர்' என்று வடமொழியில் பட்டமிட்டு மகிழ்வோரைவிட, அவர் செய்தவற்றைத் தமிழில் எடுத்துச் சொல்லும் கடன் தமிழன்பர்க்கே மிகுதி.

அவர் 1975 அக்டோபர் 2-இல் வாடகை வீட்டில் மறைந்தார். சில வேட்டி சட்டைகளும், நூல்களும், நூற்றுச் சில உருபாவுமே எஞ்சியிருந்தன என்பர். விருதுநகரில் வாழ்ந்த தாய்க்கு மாதந்தோறும் அளந்துதான் பணம் அனுப்பினார். இவையெல்லாம் மேடைகளில் தவறாமல் வரும் செய்திகள், விரிக்க வேண்டியதில்லை. எளிமையைப் போற்றுவோர் எளியோரின் மொழியைப் போற்றுகின்றனரா என்பதே கேள்வி.

இன்று நிலைமை யாது? உணவு நிற்கவில்லை, வளர்ந்திருக்கின்றது. 1982-இல் சத்துணவாக விரிந்தது; 2022-இல் காலை உணவும் தொடங்கி, 2023-இல் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்திற்கும் சென்றது. பாராட்டத்தக்கதே. ஆனால் 2012-13-ஆம் கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளுக்குள்ளேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் திறக்கப்பட்டன. மேற்படியைத் தமிழாக்குவதற்கு மாறாகக் கீழ்ப்படியையே ஆங்கிலமாக்கும் வேலை இது. வீட்டில் ஆங்கிலம் ஒரு சொல்லும் கேளாத கம்பைநல்லூர்க் கூலியாள் மகள், முதல் வகுப்பிலேயே தனக்கு விளங்காத மொழியில் எண்ணும் எழுத்தும் கற்க வேண்டும். ஆசிரியரும் அதைத் தமிழில்தான் விளக்குவார். தேர்வு மட்டும் ஆங்கிலத்தில். அப் பிள்ளை தமிழும் பெறாள், ஆங்கிலமும் பெறாள். சேர்க்கும் பெற்றோரைப் பழிப்பது பிழை. ஏணியின் மேற்பாதி ஆங்கிலத்திலிருப்பதை அவர்கள் கண்ணால் கண்டிருக்கின்றனர். பழி மேற்பாதியை அவ்வாறே விட்டு வைத்த அரசுகளுக்கே உரியது. அதில் கட்சி வேறுபாடில்லை.

அரசுகள் ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்வதற்கில்லை. 2010-இல் தமிழ்வழியில் பயின்றோர்க்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு ஒதுக்கும் சட்டம் வந்தது. அவ் ஆண்டிலேயே அண்ணா பல்கலைக்கழகத்தில் பொறியியலின் சில பிரிவுகள் தமிழில் தொடங்கின. 2021-இல் அரசுப் பணித் தேர்வுகளுக்குத் தமிழ்த்தாள் தகுதி கட்டாயமாயிற்று. காமராசர் விட்ட இடத்திலிருந்து ஓரிரு படிகள் இவை. ஆனால் இருபது விழுக்காடு என்பதையே எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில், தமிழர் அரசில், தமிழில் படித்தவர்க்கு இடஒதுக்கீடு! அயலார் நாட்டில் சிறுபான்மையினர்க்குத் தரும் பாதுகாப்பைத் தமிழுக்குத் தமிழ்நாட்டிலேயே தரவேண்டிய நிலை எவ்வாறு வந்தது?

உயர் முறைமன்றத்தைப் பற்றிச் சொன்னால் நெஞ்சு வேகும். அரசியலமைப்பின் 348-ஆம் பிரிவு மாநில மொழியை உயர் முறைமன்றத்தில் பயன்படுத்த வழிவிடுகின்றது. இராசத்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய நான்கு மாநிலங்களின் உயர் முறைமன்றங்களில் இந்தி அவ்வாறு நுழைந்துவிட்டது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006-இல் தமிழுக்கு அவ் உரிமை கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. தில்லி இசையவில்லை. கம்பைநல்லூர்க் குடியானவர் ஒருவர் தம் இரண்டு ஏக்கர் புன்செய்க்காகச் சென்னைக்கு வழக்காடச் சென்றால், தம் நிலத்தைப் பற்றி அங்குப் பேசப்படுவது ஒரு சொல்லும் விளங்காமல் பின்னிருக்கையில் அமர்ந்திருப்பார். அவர் ஊர்ப்புறத்து நடுகல்லில் மாடு மீட்டு மாண்டவன் செய்தி தமிழில் பொறித்திருக்கின்றது. அவருடைய நிலத்தின் தீர்ப்போ ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றது.

ஆதலின், அடுத்த சூலை 15-இல் கம்பைநல்லூரிலோ அதனைப் போன்ற வேறு ஊரிலோ பள்ளி மேடையேறும் சட்டமன்ற உறுப்பினரையும் ஊராட்சித் தலைவரையும் கட்சிச் செயலரையும் ஊரார் மாலையிட்டு வரவேற்கட்டும். அவர்கள் ஏழைச் சிறுவன் கதையைச் சொல்லி முடித்ததும், கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து, அவர்தம் பிள்ளைகள் எந்த மொழிவழியில் பயில்கின்றனர் என்றும், இப் பள்ளியின் தமிழ்வழிப் பிரிவில் இவ் ஆண்டு எத்தனை பிள்ளைகள் சேர்ந்தனர் என்றும், 2006-ஆம் ஆண்டுத் தீர்மானம் இப்போது எந்தக் கோப்பில் கிடக்கின்றது என்றும் கேட்கட்டும். கேட்பவர் தமிழாசிரியராக இருத்தல் வேண்டுமென்பதில்லை; பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் நிற்கும் தாயாகவும் இருக்கலாம்.